படப்பில் உருவிய சோளத்தட்டை

போன சித்திரையில் என் மகளுக்கு நுங்கு வண்டி செய்து காட்ட உட்கார்ந்தேன். கடைசியாக நான் செய்து முப்பத்தைந்து வருடமாவது இருக்கும். சுளையை எடுத்த கூடு இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளிக்கொண்டு போக ஒரு கவட்டைக் கம்பு. இதில் மறந்துபோக என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வண்டி பத்தடி ஓடுவதற்குள் ஒரு சக்கரம் கழன்று வேலிப் பக்கம் உருண்டுவிட்டது. மறுபடி செருகினேன். இந்தத் தடவை கழலவில்லை, ஆனால் குடித்தவன் நடப்பது போல இரண்டு பக்கமும் ஆடியது. ஒன்பது வயது மகள், "இது இப்படித்தான் ஓடுமா அப்பா?" என்று கேட்டாள். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பா இறங்கி வந்தார். கூட்டைக் கையில் எடுத்து அமுக்கிப் பார்த்தார். "நேத்து வெட்டுன கூடு சுண்டிப் போச்சு எய்யா. குச்சி எப்படிப் பிடிக்கும்? இன்னைக்கு வெட்டுனதை எடு" என்றார். அப்புறம் அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தது. ரொம்ப இளசான நுங்கு சக்கரத்துக்கு ஆகாது, ஓரம் சிதைந்துவிடும். கொஞ்சம் முற்றியது வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வண்டி சின்னச் சக்கரத்தின் பக்கமாகவே திரும்பிக்கொண்டு போகும். மூன்று கண்ணும் சேர்கிற நடுப்புள்ளிக்கு நேராக, காம்புப் பக்கத்திலிருந்து குச்சி இறங்க வேண்டும். நான் கண்ணளவில் குத்தியிருந்தேன். அதனால்தான் அந்த ஆட்டம். குச்சி ஒரு சாண் நீளம், பெருவிரல் பருமன், இரண்டு முனையும் சீவியது. கூட்டுக்குள் அது இறுக்கமாக நிற்க வேண்டும், கவட்டைக்குள் மட்டும் வழுக்கிச் சுழல வேண்டும். அதற்காகக் குச்சியின் நடுப்பகுதியில் பட்டையை உரித்து, உடைந்த ஓட்டுச் சில்லால் தேய்த்து வழவழப்பாக்கினோம்.

இரண்டாவது வண்டி தெரு முனை வரைக்கும் ஓடியது. அவள் திரும்பி வரும்போது கவட்டையை லேசாக முறுக்கினால் வண்டி வளையும் என்று அவளாகவே கண்டுபிடித்திருந்தாள். நான் சொல்ல மறந்த விஷயம் அது.

அன்று ராத்திரி முழுக்க எனக்கு இதே யோசனைதான். கை மறந்துபோன விஷயங்கள் என்னென்ன, எதை எந்தப் பொருளில் எந்த மாதத்தில் செய்தோம் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு இதையெல்லாம் காட்ட நினைக்கிறவர்கள் என்னைப் போல முதல் வண்டியில் தோற்றுப்போய் விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை.

எங்கள் ஊர் எட்டயபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் இருக்கும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துவிட்டு மழைக்காகக் காத்திருப்பார்கள். தை, மாசியில் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும். பருத்தி அதற்குப் பிறகும் வெடித்துக்கொண்டிருக்கும். நான் விளையாடித் திரிந்தது 1980களில். அப்போது ஊரில் பொம்மை விற்கிற கடை கிடையாது. விலைக்கு வாங்குகிற விளையாட்டுச் சாமான் என்றால் அது கழுகுமலை பங்குனி உத்திரத்தில்தான். அக்காவுக்கு அம்பாசமுத்திரத்து மரச் சொப்பு, எனக்கு ஒரு பம்பரமோ ஊதலோ. அந்தச் சொப்பு மஞ்சளும் சிவப்புமாக அரக்குப் பூசி அவ்வளவு அழகாக இருக்கும். ஆனால் அதை வைத்து அக்கா விளையாடியது ரொம்பக் குறைவு. உடைந்துவிடும், தொலைந்துவிடும் என்று அம்மா அதைத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். அக்கா தினமும் சோறு ஆக்கியது சிரட்டையிலும் புழுதியிலும்தான்.

நாங்களாகச் செய்துகொண்டவை எல்லாம் பெரியவர்கள் செய்த வேலையின் மிச்சத்திலிருந்து வந்தவை. இது எனக்கு இப்போதுதான் தெளிவாகப் புரிகிறது. கதிர் அறுத்தார்கள், தட்டை மிஞ்சியது. நுங்கு வெட்டினார்கள், கூடு மிஞ்சியது. தீப்பெட்டி ஒட்டினார்கள், கோணலாகிப்போன பெட்டி மிஞ்சியது. அந்தந்த வேலை நடக்கிற மாதத்தில்தான் அந்தந்த விளையாட்டும் வரும். யாரும் அறிவிப்பதில்லை. ஒரு நாள் காலையில் ஒருவன் பம்பரத்தோடு வந்து நிற்பான். மறுநாள் ஊரே பம்பரம் விடும். அதுவரை பையை நிறைத்திருந்த கோலிக்குண்டு ஒரே ராத்திரியில் மதிப்பிழந்து போய்விடும். ஆடிக் காற்று எழுந்தால் பனையோலைக் காற்றாடி. முதல் மழை விழுந்தால் களிமண்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது சோளத்தட்டை. இதை டவுன் பிள்ளைகள் பார்த்தே இருக்க மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கதிர் அறுத்த பிறகு மிஞ்சும் காய்ந்த தண்டுதான் தட்டை. அதை மாட்டுத் தீவனத்துக்காகப் படப்பாக, அதாவது போராக, அடுக்கி வைப்பார்கள். அதிலிருந்து உருவினால் அடி விழும். தட்டைக்காக அல்ல. ஒன்றை இழுத்தால் படப்பு சரிந்து மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், வருஷத்துத் தீவனமே கெட்டுப்போகும். ஆச்சி இதை ஒரு தடவை என்னைப் படப்பின் அருகில் நிறுத்தி வைத்துப் பொறுமையாக விளக்கினாள். அப்புறம் அவளே மேல் வரிசையிலிருந்து நாலு தட்டையை எடுத்துக் கொடுத்து, "கேட்டா குடுக்க மாட்டனா எய்யா?" என்றாள். அதற்குப் பிறகு நான் திருட்டுத்தனமாக உருவியதே இல்லை.

தட்டையின் கணுவுக்குக் கணு ஒடித்தால் ஒரு முழத்துக்குள் துண்டுகள் கிடைக்கும். வெளிப்பட்டையை நகத்தால் கீறி நீளமாக உரிக்க வேண்டும். உள்ளே பஞ்சு போல வெள்ளையாகச் சக்கை இருக்கும். அந்தச் சக்கையைப் பிளேடால் வேண்டிய அளவுக்கு நறுக்கிக்கொள்ளலாம். உரித்த பட்டையை ஈர்க்குச்சி மாதிரி கிழித்தால் அதுவே ஆணி. சக்கையில் குத்தினால் அப்படியே பிடித்து நிற்கும். பசை வேண்டாம், நூல் வேண்டாம். இந்த இரண்டை மட்டும் வைத்து நாங்கள் மாட்டு வண்டி செய்வோம், ஏர் செய்வோம், கட்டில், கண்ணாடி, தராசு எல்லாம் செய்வோம். மாட்டு வண்டிக்குச் சக்கரம்தான் கஷ்டம். சக்கையை வட்டமாக நறுக்கினால் மெலிதாக இருந்தால் பிய்ந்துவிடும், கனமாக இருந்தால் அழகு போய்விடும். எங்கள் கூட்டாளி ஒருவன் தட்டையைக் குறுக்காக, பட்டையோடு சேர்த்து, அரை விரல் கனத்தில் நறுக்கினான். வெளியே பட்டை இருப்பதால் மரச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்ட மாதிரியே இருந்தது. அவன் அப்பா வண்டிப் பட்டறையில் வேலை செய்தவர். நாங்கள் எல்லோரும் அன்றிலிருந்து அப்படியே நறுக்கினோம்.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பட்டை பிளேடை விடக் கூர்மை. என் இடதுகை ஆள்காட்டி விரலில் அதன் தழும்பு இன்னும் இருக்கிறது. உரிக்கும்போது விரலைப் பட்டையின் ஓரத்தில் வைத்து இழுக்கக் கூடாது. அகலப் பக்கத்தில் பிடித்துத் தன் உடம்புக்கு எதிர்ப்புறமாக இழுக்க வேண்டும். தட்டையை முந்தின நாள் ராத்திரி திறந்தவெளியில் போட்டு வைத்தால் பனியில் கொஞ்சம் பதமாகி ஒழுங்காக உரியும். உச்சி வெயிலில் உரித்தால் சிம்பு சிம்பாகப் பிளந்துகொள்ளும்.

ஓலைக் காற்றாடிக்கும் இந்தச் சக்கைதான் கை கொடுத்தது. பனையோலையில் இரண்டு விரல் அகலத்தில் இரண்டு துண்டு கிழித்து, கூட்டல் குறி போல ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் ஒரு கருவேல முள்ளால் குத்தினால் காற்றாடி தயார். முள்ளின் கூர் முனையைச் சோளச் சக்கைத் துண்டில் செருகிவிட்டால் ஓலை கழன்று பறக்காது. ஓலையில் இருக்கும் துளை முள்ளை விடப் பெரிதாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சுற்றாது. குத்திய பிறகு முள்ளை நாலைந்து தடவை சுழற்றினாலே போதும், துளை அகன்றுவிடும். இளசான குருத்தோலை துவண்டுவிடும், முற்றிய சாரோலைதான் விறைப்பாக நிற்கும்.

களிமண்ணைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரிசல் மண்ணை மிதித்தவர்களுக்குத் தெரியும், மழை பெய்தால் செருப்புக்கு அடியில் இன்னொரு செருப்பு ஒட்டிக்கொள்ளும். பிசையப் பிசைய வெண்ணெய் மாதிரி வரும். ஆனால் காய்ந்தால் எங்கள் நிலத்தைப் போலவே பாளம் பாளமாக வெடித்துவிடும். உமியோ சாணியோ கலந்து, நிழலில் வைத்து இரண்டு நாள் காயவிட்டால்தான் மண் மாட்டுக்குக் கொம்பு நிற்கும்.

இனி தீப்பெட்டி. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் பிறந்தவர்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் தெரியாமல் இருக்காது. தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மழை பொய்த்த வருஷங்களில் அந்த ஆபீஸ்தான் எங்கள் ஊரைக் காப்பாற்றியது. அம்மாவும் அத்தையும் வீட்டிலேயே பெட்டி ஒட்டுவார்கள். கூலி குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. மைதாப் பசையில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்திருப்பார்கள், அதனால் எங்களைப் பசைச் சட்டியைத் தொடவிடமாட்டார்கள். கோணலாக ஒட்டிப்போன பெட்டிகள் மட்டும் எங்களுக்கு. அவற்றைக் கோத்தால் ரயில், அடுக்கினால் பீரோ, குச்சி வைக்கிற அடிப்பெட்டி இரண்டும் கொஞ்சம் நூலும் இருந்தால் போன்.

இந்தப் போனை இப்போதும் எந்த வீட்டிலும் செய்யலாம். அடிப்பெட்டியின் நடுவில் ஊசியால் ஓட்டை போட்டு, நூலை உள்ளே விட்டு, உருவிக்கொண்டு வராமல் இருக்க ஒரு உடைந்த தீக்குச்சியில் முடிச்சிட வேண்டும். நிறையப் பேர் தவறு செய்வது நூலில். நூல் விறைப்பாக இருந்தால்தான் அதிர்வு இந்தப் பெட்டியிலிருந்து அந்தப் பெட்டிக்குப் போகும். தொய்ந்தால் ஒன்றும் கேட்காது. நடுவில் சுவரிலோ கிளையிலோ உரசினாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். நாங்கள் தையல் நூலை இரட்டையாக முறுக்கிப் பயன்படுத்தினோம். எங்கள் வீட்டு முற்றத்துக்கும் எதிர்வீட்டுத் திண்ணைக்கும் நடுவே தெருவைத் தாண்டி இழுத்துப் பேசியிருக்கிறோம். மாடு வந்தால் போனை வைத்துவிட வேண்டும்.

அந்தப் போனின் மறுமுனையில் இருந்தவனைப் பற்றிச் சொல்லாமல் போனால் நான் எழுதுவது முழு உண்மை ஆகாது. எதிர்வீட்டுக்காரன். என் வயதுதான். நான் மூன்றாம் வகுப்புப் போனபோது அவன் ஆபீஸுக்குப் போக ஆரம்பித்தான். விடியுமுன்பே, நாலரை, ஐந்து மணிக்கெல்லாம் ஆபீஸ் பஸ் ஊருக்கு வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியோடு பெண்களும் பிள்ளைகளும் ஏறுவார்கள். அவன் வேலை கட்டை அடுக்குவது. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சட்டங்களில் மருந்து முக்குவதற்கு முன்னால் குச்சிகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிற வேலை. ராத்திரி ஏழு மணிக்குத்தான் திரும்புவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவன் எங்களோடு வருவான். அதனாலேயே பெரிய ஆட்டங்களை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்தோம். செல்லாங்குச்சியில், அதாவது கிட்டிப்புள்ளில், முதல் அடி அவனுக்குத்தான். யாரும் பேசி முடிவு செய்ததில்லை, அப்படியே நடந்தது. தீப்பெட்டித் தொழிலில் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வைத்து வேலை வாங்கக் கூடாது என்ற சட்டம் 1986இல் வந்தது. பஸ் உடனே நின்றுவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிள்ளைகள் குறைந்தார்கள். அந்தக் காலம் பொற்காலம் என்று யாராவது பேசும்போது எனக்கு அந்த ஹாரன் சத்தம் காதில் கேட்கும். அந்தக் காலத்து விளையாட்டு திரும்ப வேண்டும். அந்தக் காலம் அப்படியே திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அவனுடைய பெரிய கண்டுபிடிப்பு எங்கள் சினிமா. கோவில்பட்டியில் கொட்டகைக்கு வெளியே துண்டுப் பிலிம் விற்பார்கள். அவன் வாரச் சம்பளத்தில் அம்மா கொடுக்கிற சில்லறையில் அதை வாங்கி வருவான். ஃப்யூஸ் போன பழைய குண்டு பல்பின் அடியிலிருக்கும் கறுப்பை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அது லென்ஸ். மத்தியானம் வீட்டைப் பூட்டி இருட்டாக்கி, கதவிடுக்கு வழியாக வெளியிலிருந்து ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலை உள்ளே அடிப்பான். வெளிச்சத்துக்கும் பல்புக்கும் நடுவில் பிலிமைப் பிடித்தால் எதிரே கட்டிய வேட்டியில் படம் விழும். முதல் நாள் எல்லோரும் தலைகீழாக நின்றார்கள். லென்ஸ் படத்தைப் புரட்டிவிடும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பிலிமைத் தலைகீழாகப் பிடித்தபோது சரியாகிவிட்டது. அன்று அந்த இருட்டறையில் கிளம்பிய கூச்சலை நான் மறக்கவே மாட்டேன். பிலிமைப் பல்புக்கு ஏறக்குறைய இரண்டு விரல் அகலத்தில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினால் ஒரு இடத்தில் படம் தெளியும். பிற்பாடு ஒன்பதாம் வகுப்பில் குவியத் தூரம் என்று வாத்தியார் கரும்பலகையில் எழுதியபோது எனக்கு அந்த இரண்டு விரல்தான் ஞாபகம் வந்தது. இதை இப்போது செய்வதாக இருந்தால் பல்பைப் பெரியவர்கள்தான் உடைக்க வேண்டும். கண்ணாடி மெலிது, குத்தினால் தெரியாமல் இறங்கும். உருண்டையான சின்னக் கண்ணாடி ஜாடியில் தண்ணீர் நிரப்பினாலும் ஓரளவு வேலை செய்கிறது, நான் செய்து பார்த்துவிட்டேன்.

கண்ணைப் பற்றிச் சொன்னால் இன்னும் இரண்டு விஷயம். எருக்கம் மொட்டை அமுக்கிச் சடக்கென்று வெடிக்க வைப்போம். அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. ஆச்சி இதில் மட்டும் விளையாட்டுக்குக்கூடச் சம்மதிக்க மாட்டாள். காட்டாமணக்கு இலைக்காம்பை ஒடித்து, வருகிற பாலைப் புல்லில் செய்த வளையத்தில் பிடித்து ஊதினால் வானவில் நிறத்தில் குமிழ் பறக்கும். அழகான விளையாட்டுதான், ஆனால் அதன் கொட்டை விஷம். சின்னப் பிள்ளைகள் வாயில் போட்டுவிடும். நான் இந்த இரண்டையும் என் மகளுக்குக் காட்டவில்லை. காட்டாமல் விடுவதிலும் ஒன்றும் குறைந்துபோய்விடாது. செல்லாங்குச்சியைக் காட்டினேன், ஒரு நிபந்தனையோடு. அடிக்கிறவருக்கு முன்னால் குச்சியைப் பிடிக்கிறவர்கள் மட்டும், அதுவும் நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லோரும் அடிக்கிறவருக்குப் பின்னால். எங்கள் கூட்டாளி ஒருவனுக்குப் புருவத்துக்கு மேல் தையல் போட்ட பிறகு ஊர்ப் பெரியவர்கள் வைத்த விதி அது.

பம்பரம் பற்றி ஒரே ஒரு குறிப்பு. கடையில் வாங்குகிற பம்பரத்தின் ஆணி பெரும்பாலும் நேராக இருக்காது. தரையில் வைத்துச் சுற்றிப் பார்த்தால் அது உறுமிக்கொண்டு துள்ளும். ஆணியைச் சிமெண்ட் தரையில் தேய்த்து, லேசாகத் தட்டி நேராக்கினால்தான் ஒரே இடத்தில் தூங்கும். சாட்டையை முதலில் தண்ணீரில் நனைத்தால் வழுக்காமல் பிடிக்கும். சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் மேலே தூக்கிக் கையில் பிடிப்பதுதான் அபீட். அதை எடுக்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் ஆனது. மகள் ஒரு வாரத்தில் எடுத்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவளைக் கீழடிக்குக் கூட்டிப் போயிருந்தேன். மதுரையில் இருக்கும் எங்களுக்கு அது பக்கம்தான். அங்கே 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் வட்டமாகத் தேய்த்த சுடுமண் சில்லுகள் இருக்கின்றன. அகழாய்வில் நூற்றுக்கணக்கில் கிடைத்தவை, இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டியவை. அக்கா பாண்டி (கட்டம் போட்டு நொண்டி ஆடுகிற ஆட்டம்) ஆடுவதற்காக உடைந்த பானை ஓட்டைக் கல்லில் தேய்த்துத் தேய்த்துச் செய்த அதே சில்லு. அளவுகூட அதேதான். உடைந்த பானையைத் தூக்கி எறிய மனமில்லாத ஒரு பிள்ளை அன்றைக்கும் இருந்திருக்கிறது என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடவுளையோ தலைவர்களையோ குழந்தையாக வைத்துப் பாடுகிற பிள்ளைத்தமிழிலும் இந்த விளையாட்டுகள் உண்டு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் என்று ஒரு பருவமே இருக்கிறது. பெண்பால் பிள்ளைத்தமிழில் கழங்கு. எங்கள் ஊரில் அக்காமார் தட்டாங்கல் என்று ஆடியதுதான் அந்தக் கழங்கு.

ஊருக்குப் போன அந்தப் பத்து நாளில் நான் செய்த தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு நாள் எல்லாவற்றையும் நானே செய்து கையில் கொடுத்தேன். அவள் ஐந்து நிமிஷம் விளையாடிவிட்டுச் செல்போனைத் தேடினாள். எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றாம் நாள் அண்ணன் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்தார்கள். நான் வேறு வேலையாகக் கோவில்பட்டி போய்விட்டேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் வாசல் முழுக்க ஓலைக் குப்பை. பத்துப் பதினைந்து காற்றாடிகள் அரைகுறையாகக் கிடந்தன. அதில் இரண்டு சுற்றின. செல்போன் உள்ளே சார்ஜ் இல்லாமல் கிடந்தது.

அப்போதுதான் பழைய நாட்கள் சரியாக நினைவுக்கு வந்தன. நாங்கள் வண்டியை ஓட்டிய நேரத்தை விட வண்டி செய்த நேரம்தான் அதிகம். கவட்டைக் கம்பு தேடியே ஒரு முழு மத்தியானம் கண்மாய்க் கரையில் அலைந்திருக்கிறோம். அந்த அலைச்சலை நான் மகளிடமிருந்து எடுத்துவிட்டு, ஓடுகிற வண்டியை மட்டும் கொடுத்திருக்கிறேன். அதிலும் அவளைத் தனியாக வைத்து. ஒருவர் மட்டும் நுங்கு வண்டி ஓட்டினால் அது வெறும் நடை. முந்துவதற்கு இன்னொரு வண்டி வேண்டும். நாலாம் நாளிலிருந்து நான் இரண்டே காரியம் செய்தேன். பிளேடு, அரிவாள் வேலை வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒரு பொருளைக் கேட்டால் அது யாரிடம் கிடைக்கும் என்று மட்டும் சொன்னேன். ஓலை வேண்டுமா, பனையேறித் தாத்தாவிடம் போய்க் கேள். அவள் கூச்சப்பட்டு, தெருமுனை வரை போய்த் திரும்பி, மறுபடி போய், ஒரு கட்டு ஓலையும் கை நிறையப் பதநீர்ச் செம்புமாக வந்தாள். அந்தத் தாத்தா ஓலையை எப்படிக் கிழிக்க வேண்டும் என்று என்னை விட நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார். முந்தின வருஷம்வரை ஊரில் அவளுக்கு எங்கள் வீட்டைத் தவிர ஒருவரையும் தெரியாது.

மதுரைக்குக் கிளம்பும்போது நுங்கு வண்டியையும் எடுத்து வைத்தாள். இரண்டு நாளில் சுருங்கிவிடும் என்று சொன்னேன், கேட்கவில்லை. பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தாள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கூடு கறுத்துச் சுருங்கி, குச்சி தானாகக் கழன்று விழுந்தது. அழுவாள் என்று பயந்தேன். அவள் சக்கரம் இரண்டையும் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் குச்சியையும் கவட்டையையும் மட்டும் கழுவி வெயிலில் வைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவி சட்னிக்குத் தேங்காய் திருகிக்கொண்டிருந்தாள். மகள் அருகில் போய், சிரட்டையைக் கேட்டு வாங்கினாள். மேல்மாடி வீட்டிலும் போய் இன்னொன்று கேட்டு வாங்கி வந்தாள். இரண்டையும் வாயோடு வாய் வைத்து ஒரே அளவாக இருக்கிறதா என்று பார்த்தாள். சரியாகப் பொருந்தவில்லை, ஒன்று கொஞ்சம் பெரிது. அப்படியே என்னிடம் கொண்டுவந்து, "இதுல நடுவுல ஓட்டை போடணும்பா. ஆணியைக் காய வச்சாப் போகுமா?" என்று கேட்டாள்.

"போகும். ஆனா சூடு உன் கைக்கு ஆகாது, நான் பிடிச்சுக்கிறேன்" என்றேன். "நடு எதுன்னு நீ குறிச்சுக் குடு."

அவள் நூலும் பென்சிலும் எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பெரிய சிரட்டையை எந்தப் பக்கம் தேய்த்தால் சின்னதோடு சமமாகும் என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.